வாப்பாவின் ஏழு கேசட்டுகள்: ஒரு படியெடுப்பின் ஆய்வு

கீழக்கரையில் எங்கள் தெருவில் இருக்கும் லாத்தா (அக்கா) ஒருவர், போன ஆண்டு ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே ஏழு கேசட்டுகள். 1983 முதல் 1988 வரை துபாயில் வேலை பார்த்த அவருடைய வாப்பா பேசி அனுப்பியவை. உம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. அதனால் வாப்பா கடிதம் எழுதவில்லை. டூ இன் ஒன் செட்டின் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசி, ஊருக்குக் கிளம்பும் யாரிடமாவது கேசட்டைக் கொடுத்துவிடுவார். இங்கே வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

“ஒரு கடையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வாங்கினோம் தம்பி. அதில் வருவது வாப்பா குரல் மாதிரியே இல்லை” என்றார் லாத்தா.

பழைய ஒலிநாடாவைப் பற்றி இப்படி யாராவது சொன்னால், வயதானதால் நாடா கெட்டிருக்கும் என்றுதான் பொதுவாக நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஏழில் ஆறு நாடாக்கள் நன்றாகவே இருந்தன. குரல் கெட்டது நாடாவில் அல்ல, நாடாவிலிருந்து கணினிக்குப் போன வழியில். அந்த வழியை ஒவ்வொரு சந்தியாகச் சோதித்ததன் பதிவு இது. வீட்டில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் கேசட் டெக்கும் வைத்திருப்பவர்கள் இதே வேலையைத் தாங்களே செய்துகொள்ளலாம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

கடையில் எடுத்த படி

பென் டிரைவில் இருந்த கோப்பை ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலையின் முகடுகள் வளைவாக இருக்க வேண்டிய இடத்தில், மதில்சுவரின் தலைபோலத் தட்டையாக வெட்டப்பட்டிருந்தன. வாப்பா குரலை உயர்த்திய இடங்களிலெல்லாம் கரகரப்பு வந்ததற்குக் காரணம் அதுதான். கையடக்க டேப் ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து ஒயரை எடுத்து மடிக்கணினியின் மைக் துளையில் செருகிப் பதிந்திருக்கிறார்கள். மைக் துளை, வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள மெல்லிய மின்சைகையை (சிக்னல்) எதிர்பார்த்து, வருவதை உள்ளேயே பல மடங்கு பெருக்கிக்கொள்வது. ஸ்பீக்கரையே ஓட்டக்கூடிய இயர்போன் வெளியீட்டை அதில் கொடுத்தால் கொள்ளாது. இப்படி வெட்டுப்பட்ட முகட்டை எந்த மென்பொருளாலும் உண்மையாக மீட்க முடியாது. முதலிலிருந்து மறுபடியும் படியெடுப்பது ஒன்றே வழி.

கரகரப்பைத் தவிர இன்னொரு குறையும் அதில் இருந்தது. குரல் முழுவதும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாக ஒலித்தது. ‘ஸ’, ‘ச’ போன்ற ஒலிகளே கேட்கவில்லை. இது வேறு நோய். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆம்ப்ளிஃபையர் என்னும் முச்சந்தி

வீட்டு ஆம்ப்ளிஃபையரை ஒலியைப் பெருக்கும் பெட்டியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். படியெடுக்கும் வேலையில் அது ஒரு முச்சந்தி. முதுகுப்புறத் துளைகளைப் பாருங்கள். டியூனர், ஆக்ஸ், ஃபோனோ என்று உள்ளே வரும் வழிகள். அவற்றுக்குப் பக்கத்தில் ‘டேப்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு ஜோடிகள்: ஒன்று பதிவுக் கருவிக்கு ஒலியை அனுப்பும் ரெக் அவுட், மற்றொன்று அந்தக் கருவியின் ஒலி உள்ளே வரும் டேப் பிளே. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முன்புறத் தேர்வுக் குமிழில் எந்த வழியைத் திறக்கிறோமோ, அந்தச் சைகை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நேராக ரெக் அவுட்டுக்குப் போய்விடும். மற்றொரு கிளை டேப் மானிட்டர் சுவிட்ச் (டேப் பிளேயில் வருவதைக் கேட்க வைப்பது), ஒலியளவுக் குமிழ், பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் கடந்து ஸ்பீக்கருக்குப் போகும். ஆகவே ஒலியளவை நீங்கள் எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் பதிவில் ஒரு மாற்றமும் இருக்காது. பாஸைக் கூட்டினாலும் அப்படித்தான். ரெக் அவுட்டில் வருவது டெக் கொடுத்த அளவு, சுமார் 0.3 வோல்ட், கூட்டாமல் குறைக்காமல். ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் யு.எஸ்.பி. ஒலிப்பெட்டியின் (ஸ்பீக்கர் அல்ல, ஆடியோ இன்டர்ஃபேஸ்) லைன் உள்ளீடு எதிர்பார்ப்பதும் இதே அளவைத்தான்.

ஸ்பீக்கர் முனைகளிலிருந்து ஒயர் எடுத்துப் பதிவு செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுக்கும்போது அந்த முனைகளில் 20 வோல்ட் நிற்கிறது. லைன் உள்ளீடு கருகிவிடும். அதேபோல் கேசட் டெக்கை ஃபோனோ துளையில் செருகுவதும் தவறு. ஃபோனோ என்பது இசைத்தட்டின் ஊசி தரும் சில மில்லிவோல்ட்டுக்காக உண்டானது. அது சுமார் 100 மடங்கு பெருக்குவதோடு, தாழ்ந்த ஒலிகளைத் தூக்கி உயர்ந்தவற்றை அமுக்கியும் தரும். டியூனர், ஆக்ஸ் இரண்டும் ஒரே தன்மையுள்ளவை. டெக்கை இவற்றில் எதில் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

முதல் நாள் நான் இணைத்த முறையில் ஒரு தவறு நேர்ந்தது. கேசட் டெக் என்பதால் அதை டேப் பிளேயில் செருகினேன். மடிக்கணினியின் வெளியீட்டை ஆக்ஸில் கொடுத்தேன். ரெக் அவுட் ஒலிப்பெட்டிக்குப் போனது. டேப் மானிட்டர் பொத்தானை அழுத்தியதும் வாப்பாவின் குரல் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. ஆனால் பதிவில் அந்தக் குரல் இல்லை. அதற்குப் பதிலாக உலோகக் குடத்துக்குள் எதிரொலிப்பதுபோல ஒரு ஓசை கிளம்பி, ஊளையாக வளர்ந்தது.

இதைப் புரிந்துகொள்ள மேலே சொன்ன கிளையை நினைத்தால் போதும். ரெக் அவுட்டுக்குப் போவது தேர்வுக் குமிழ் திறந்த வழி மட்டுமே. டேப் பிளே அந்தக் கிளைக்கு அப்பால் வந்து சேர்வதால், அதில் வருவது ஸ்பீக்கருக்குப் போகுமே தவிர ரெக் அவுட்டுக்குத் திரும்பாது. பதிவுக் கருவி தன் ஒலியையே தான் பதிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நானோ குமிழை ஆக்ஸில் வைத்து, கணினியின் ஒலியைக் கணினிக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டையும் இடம் மாற்றினேன்: டெக் ஆக்ஸில், கணினியின் வெளியீடு டேப் பிளேயில். அதன்பின் டேப் மானிட்டர் பொத்தானை அழுத்தினால் கணினி வழியாக வருவது கேட்கும், விட்டால் நாடாவிலிருந்து வருவது கேட்கும். மூலத்தையும் படியையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடும் இந்த வசதிதான், டெக்கை நேராகக் கணினியில் செருகாமல் ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கொண்டுபோவதன் பெரிய லாபம்.

மோனோ பொத்தான்

இனி, அந்தப் போர்வைக் குரல்.

காம்பாக்ட் கேசட்டை ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். இந்த வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று நாடாவில் பதியும்போது அதன் ஓர் அலை பிடிக்கும் இடம் 0.005 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைப் படிக்கும் ஹெட்டின் இடுக்கு, நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இடம், வலம் என்ற இரண்டு தடங்களின் நடுக்கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர். ஹெட் 0.15 டிகிரி சாய்ந்தாலே ஒரு தடம் மற்றதைவிட அரை அலை பின்தங்கிவிடும். இரண்டையும் சேர்த்தால் 10,000 ஹெர்ட்ஸில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். ‘ஸ’ காணாமல் போன இடம் இதுதான்.

துபாயில் வாப்பா பேசிய செட்டின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில்தான் அந்த நாடாவைப் படிக்க வேண்டும். என் டெக்கின் ஹெட் சரியாக இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. நாடாவுக்கு டெக் பணிய வேண்டும்.

ஹெட்டின் இரு பக்கமும் சிறு திருகுகள் இருக்கும். அடியில் சுருள்வில் வைத்திருப்பது எதுவோ அதுவே சாய்வை மாற்றுவது. பெரும்பாலும் ஒரு துளி பெயின்ட் வைத்து அடைத்திருப்பார்கள். காந்தம் ஏறாத சிறு திருப்புளியால், நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே, மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைக் காதால் கண்டுபிடிக்க உதவுவது ஆம்ப்ளிஃபையரின் மோனோ பொத்தான்.

வாப்பாவின் செட் ஒற்றை மைக் உள்ள மோனோ செட். ஆகவே இரண்டு தடத்திலும் ஒரே குரல். ஸ்டீரியோவாகக் கேட்கும்போது சிறு சாய்வு காதுக்குப் பெரிதாகத் தெரியாது. மோனோவை அழுத்தி இரண்டையும் கூட்டியதும், தலைமுடியளவு திருப்பினாலும் குரல் மங்கும், மறுபடி துலங்கும். பின்னணி இரைச்சலின் ‘ஸ்’ எந்த இடத்தில் அதிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்தினேன். பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்களில் மோனோ பொத்தான் ரெக் அவுட்டுக்குப் பிந்திய கிளையில்தான் இருக்கும். அதனால் நான் கேட்பது மோனோ, பதிவாவது இரண்டு தடங்களும் தனித்தனியாக. ஒரு தடத்தில் நாடா கசங்கியிருந்தால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது கேசட்டில் அப்படியே ஆயிற்று: விளிம்பு மடிந்து இடத் தடம் இரண்டு நிமிடத்துக்குத் தேய்ந்திருந்தது, வலத் தடம் முழுமையாக இருந்தது.

இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கேசட்டின் ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடமாவது செலவிட்டேன். மறுபக்கத்துக்கு மறுபடியும். பக்கத்துக்குப் பக்கம் சாய்வு மாறத்தான் செய்தது. எல்லாம் முடிந்தபின், நிறுவனப் பதிவான ஒரு நல்ல பாட்டுக் கேசட்டை வைத்து ஹெட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன்.

யாருடைய ரீங்காரம்?

பதிவில் அடியோட்டமாக ஒரு ‘ம்ம்’ கேட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதன் ரீங்காரம்தான். ஆனால் அது துபாயில் பதிந்ததா, என் வீட்டில் சேர்ந்ததா? இதற்குச் சோதனை எளிது. டெக்கை நிறுத்துங்கள். நாடா நின்றதும் ரீங்காரமும் நின்றால் அது நாடாவுடையது. நின்றபிறகும் தொடர்ந்தால் நம்முடையது. இங்கே பாதி நின்றது, பாதி தொடர்ந்தது.

தொடர்ந்த பாதிக்குக் காரணம், ஆம்ப்ளிஃபையரும் மடிக்கணினியின் சார்ஜரும் வெவ்வேறு பிளக்கில் எர்த் எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு எர்த்தும் ஒலி ஒயரின் உறை வழியாக ஒரு வளையமாகிவிட்டன. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டினேன். ரீங்காரம் அறவே போயிற்று. சி-60 கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம். பேட்டரி தாராளமாகத் தாங்கும். ஆம்ப்ளிஃபையரின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று உங்களுக்கு யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உப்பு மண்ணில் எர்த் கம்பிகள் அரித்துப்போகும் ஊர் இது. இருக்கும் காவலையும் எடுத்துவிடக் கூடாது. உயிர் போகும் காரியம்.

என் ரீங்காரத்தை நீக்கியதால் எதிர்பாராத உதவி ஒன்று கிடைத்தது. நாடாவிலேயே பதிந்திருந்த துபாய் ரீங்காரம் இப்போது தனியாகத் தெரிந்தது. அங்கும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். முதல் நான்கு கேசட்டுகளின் அலைவரிசைப் படத்தில் கோடு சரியாக 50-இல் நின்றது. என் டெக்கின் வேகம் சரி என்பதற்கு அதுவே சாட்சி. ஐந்தாவது கேசட்டில் கோடு 52-க்கு ஏறியிருந்தது. அந்தக் கேசட்டின் தொடக்கத்தில் வாப்பாவே சொல்கிறார்: நம் செட் பழுதாகிவிட்டது, பக்கத்து அறைக்காரர் செட்டில் பேசுகிறேன் என்று. அந்தச் செட் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் ஏறிவிடும். 4 விழுக்காடு என்பது ஒரு ஸ்வரத்தானத்துக்கும் குறைவான வித்தியாசம்தான். அந்நியர் காதுக்குப் படாது. மகளுக்குப் பட்டிருக்கிறது.

வேகத்தை 52-க்கு 50 என்ற விகிதத்தில், அதாவது 3.85 விழுக்காடு குறைத்தேன். ஆடாசிட்டியில் வேகம், சுருதி, காலப்பிரமாணம் மூன்றையும் மாற்ற தனித்தனிக் கட்டளைகள் உண்டு. நாடாப் பிழைக்குப் பொருந்துவது வேகக் கட்டளை மட்டுமே, அதில்தான் சுருதியும் காலமும் சேர்ந்து மாறும். எந்தக் கோப்பு எது என்று சொல்லாமல் இரண்டையும் லாத்தாவுக்குப் போட்டுக்காட்டினேன். திருத்தியதைக் கேட்டதும் கையை உயர்த்தினார். முழுவதும் கேட்கும்வரை அந்தக் கையை இறக்கவே இல்லை.

உப்புக் காற்று

நான்காம் நாள் இரவு இடது ஸ்பீக்கர் திடீரென்று ஊமையானது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கணினியின் அளவுக்காட்டியில் இரண்டு தடமும் ஆடிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கரிலும் பதிவிலும் சேர்ந்தே ஒலி போயிருந்தால் கோளாறு கிளை பிரிவதற்கு முன்னால், அதாவது தேர்வுக் குமிழிலோ ஒயரிலோ டெக்கிலோ இருக்கும். ஸ்பீக்கரில் மட்டும் போனதால் கிளைக்குப் பிந்தியது. பதிவுக்கு ஆபத்தில்லை என்று அந்தப் பக்கத்தை முடிக்கவிட்டேன்.

மறுநாள் மின்சாரத்தைத் துண்டித்து, சிறிது நேரம் காத்திருந்து மூடியைத் திறந்து பார்த்தேன். டேப் மானிட்டர் சுவிட்சின் உலோக நாக்குகள் கறுத்திருந்தன. முதுகுப்புறத் துளைகளில் பச்சைக் களிம்பு. பாம்பன் பாலம் 1914-இல் திறந்த நாளிலிருந்து துருவோடு போராடியே நின்றது. மண்டபம் ஊரில் உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. அந்தக் காற்று நம் வீட்டு சுவிட்சை மட்டும் விட்டுவைக்குமா? மின்தொடர்புகளுக்கான கான்டாக்ட் கிளீனரை நாக்குகளில் லேசாகத் தெளித்து, பொத்தானை முப்பது முறை அழுத்தி விட்டேன். சரியானது. மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒரு முறை எல்லாப் பொத்தான்களையும் குமிழ்களையும் சும்மாவாவது அசைத்து வைப்பது நல்லது. ஓடாமல் கிடக்கும் சுவிட்சுதான் முதலில் கறுக்கிறது.

அதே உப்புநீர் வானொலிக்கு உபகாரி. மத்திய அலை நிலத்தைவிடக் கடலின்மேல் அதிகத் தூரம் தேயாமல் வரும், உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு இந்தக் கரையில் உள்ளூர் நிலையம்போலக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டாவது கேசட்டின் மறுபக்கத்தில், இங்கிருந்து உம்மா பேசி அனுப்பிய பதிலுக்குப் பின்னால், அந்த வானொலி ஆறு நிமிடம் ஓடுகிறது. துபாயில் இருக்கும் மனிதருக்கு ஊரின் ஓசையாக அதையும் பதிந்து அனுப்பியிருக்கிறார்கள். பாட்டுக்கு நடுவே சேவல் கூவுவது கேட்கிறது.

மற்றவை, சுருக்கமாக

எந்தக் கேசட்டையும் டெக்கில் வைப்பதற்கு முன் அதன் முதுகில் உள்ள இரு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிட்டேன். தவறிப் பதிவுப் பொத்தான் அழுந்தினாலும் அழியாது. ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பஞ்சுக்குச்சி கொண்டு துடைத்தேன். ஒரு கேசட்டில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பாஞ்சுத் திண்டு உதிர்ந்திருந்தது, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினேன். டால்பி என்னும் இரைச்சல் குறைப்பு அணைந்திருக்க வேண்டும். அது இல்லாத செட்டில் பதிந்ததை டால்பியில் ஓட்டினால் மந்தமாகும். பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மிக உரத்த இடம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜி.பி. ஆகும்.

இரைச்சலை நீக்கித் தரட்டுமா என்று லாத்தாவின் பேரன் கேட்டான். மூலக் கோப்பில் கை வைக்காதே என்றேன். வாப்பா பேச்சை நிறுத்தும் இடங்களில் மின்விசிறிச் சத்தம் மெல்ல எழுந்து, மறுபடி பேசத் தொடங்கியதும் அமுங்குகிறது. செட் தானாகவே பதிவளவைக் கூட்டிக் குறைத்ததன் விளைவு அது. துடைத்தால் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்த நேரம் வெறும் வெற்றிடமாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமானால் இன்னொரு பிரதி எடுத்து அதில் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மூலக் கோப்புகள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன: லாத்தாவின் வீட்டில், என்னிடம், சென்னையில் இருக்கும் லாத்தாவின் மகனிடம்.

ஏழாவது கேசட்டை இன்னும் ஓட்டவில்லை. சாளரத்தின் வழியே பார்த்தால் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி, அடுத்து ஓடும் நாடாக்களுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். காய்ந்தபின் கூட்டைத் திறந்து, முகமூடி அணிந்து, கையால் சுற்றிச் சுற்றி உலர்ந்த துணியில் துடைக்க வேண்டும். அதன் தாள் உறையில் பேனாவால் 1988 என்று எழுதியிருக்கிறது. வாப்பா ஊர் திரும்பிய ஆண்டு அதுதான் என்கிறார் லாத்தா. வாரம் ஒரு முறை வந்து டப்பாவைத் திறக்காமல் பார்த்துவிட்டுப் போகிறார்.